பூசாத கழுத்து

திரையில் பிணம் எழுந்து உட்கார்ந்தபோது, அதன் மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணி தோளை விட்டு நழுவியது. ஒப்பனைக்காரி நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தாள். கழுத்தில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. படப்பிடிப்பின் முதல் நாள் காலையில், பிணமாக நடிக்கிற கதாநாயகியின் முகத்தைப் பூசி முடிக்கவே இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கழுத்துக்குத்தான் துணி வருகிறதே, தாடைக்குக் கீழே யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவளே முடிவு செய்து தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். இருபத்திரண்டு வருடம் அடுத்தவர்களுக்கு உதவியாளாக இருந்துவிட்டு, தன் பெயரில் செய்கிற முதல் படம். முதல் ரீலிலேயே மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள்.

பதினைந்து நாற்காலி போட்ட சின்ன அறை. படத்துக்குச் சத்தம் கிடையாது. பின்னால் படம் காட்டும் கருவி ஓடுகிற ஓசை மட்டும் தையல் இயந்திரம் போலக் கேட்டுக்கொண்டிருந்தது.

"நிறுத்து, நிறுத்து. திரும்பப் போடு," என்றார் இயக்குநர்.

திரும்பப் போட்டார்கள். துணி மறுபடி நழுவியது. இந்த முறை எல்லோரும் பார்த்தார்கள். கழுத்தின் இடது பக்கம் நான்கு, வலது பக்கம் ஒன்று. ஓரம் கலங்கி, ஈரத்தாளில் மை சொட்டியது போல. விரல் தடங்கள்.

இயக்குநர் விளக்கைப் போடச் சொல்லிவிட்டுத் திரும்பினார். ஒப்பனைக்காரி எழுந்து நின்றாள். மன்னிப்புக்கான வார்த்தைகளை வாய்க்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. எப்ப போட்டீங்க இதை?"

"சார், அது வந்து..."

"இந்தப் படத்துக்கு முடிவு கிடைக்காம எட்டு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன். நீங்க பாட்டுக்குச் சத்தமில்லாம பண்ணி வச்சிருக்கீங்க. இதுதாம்மா முடிவு. இதுக்கு மேல என்ன வேணும்?"

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். திட்டு விழும் என்று இறுகிப்போயிருந்த உடம்பு சட்டென்று தளர்ந்ததில் அவள் தலை தானாக ஆடியது. ஆமாம் என்று ஆடியது. அவ்வளவுதான் அவள் செய்தது.

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த கதாநாயகி திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த அவள் கணவர்தான் திரும்பிப் புன்னகை செய்தார். பல் மருத்துவர். தினமும் மனைவியை அழைத்துப்போக வருவார். வெறுங்கையோடு வர மாட்டார், எல்லோருக்கும் பிஸ்கட் பொட்டலம் இருக்கும். விளக்குக்காரருக்கு ஆறு மாதமாக இருந்த பல்வலியை ஒரே நாளில் தீர்த்து வைத்தவர்.

"அருமைங்க," என்றார் ஒப்பனைக்காரியிடம். "எங்க வீட்டுக்காரம்மான்னே தெரியல. பயந்தே போயிட்டேன்."

*

நூறு வருடத்துக்கு முன் ஒரு மாத இதழில் வந்த கதைதான் அந்தப் படம். பேய்க்கதைத் தொகுப்பு என்று எது வந்தாலும் அதில் இருக்கும். கடிகாரம் பழுது பார்க்கிற ஒருவனின் மனைவி காய்ச்சலில் இறந்துவிடுகிறாள். புதைத்த மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் திரும்பி வந்து கட்டிலில் படுத்துக்கொள்கிறாள். அவனுக்குப் பயம் இல்லை, சந்தோஷம்தான். அவளுக்குத் தலை வாரி விடுகிறான், கடிகாரங்களைப் பற்றிப் பேசுகிறான். ஒரே ஒரு குறை. காய்ச்சல்தான் என்று எல்லோரும் சொன்னாலும் அவனுக்கு நெஞ்சில் ஏதோ உறுத்துகிறது. உனக்கு என்ன ஆச்சு, சொல்லு என்று தினமும் கேட்கிறான். கடைசியில் ஒரு நாள் அவள் ஒரு வார்த்தை சொல்கிறாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கடிகாரம் எதுவும் ஓடவில்லை என்று கதை முடிகிறது. என்ன வார்த்தை என்று ஆசிரியர் எழுதவில்லை.

இந்தக் கதையை அது எழுதப்பட்ட காலத்தில் எடுத்தது போலவே எடுக்க வேண்டும் என்பது இயக்குநரின் பிடிவாதம். கையால் சுழற்றுகிற கேமரா. வசனம் இல்லை. விளக்கு வெளிச்சம் பேருக்குத்தான்; ஒரு பழைய சாயப்பட்டறையின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே, காலை பத்து முதல் மதியம் மூன்று வரை விழுகிற வெயிலில் மட்டும் படப்பிடிப்பு. குழுவில் அவருக்குப் 'பழசு' என்று பெயர். தாகம் எடுக்கிறது என்று அவரிடம் சொல்லிவிடக் கூடாது, கிணறு வெட்டச் சொல்லிவிடுவார் என்று விளக்குக்காரர் சொல்வார்.

ஃபிலிமும் பழைய வகைதான். எங்கிருந்தோ சொல்லிச் செய்து வரவழைத்திருந்தார். அதற்கு நீலம் மட்டும்தான் கண்ணில் படும். நீல வானம் வெளுத்துவிடும். சிவப்பு கறுப்பாக விழும், மஞ்சளும் கறுக்கும். உதட்டுக்குச் சாதாரணச் சாயம் பூசினால் வாயில் ஓட்டை விழுந்தது போல இருக்கும். அதனால் ஒப்பனைக்காரி முகமெல்லாம் நீலமும் வெளிர்பச்சையுமாகப் பூசுவாள். நேரில் பார்த்தால் ஊசிப்போன முகம் போல இருக்கும், திரையில் நிலா மாதிரி வரும். ஃபிலிம் எப்படிப் பார்க்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒளிப்பதிவாளர் கழுத்தில் ஒரு நீலக் கண்ணாடி வில்லையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். அதன் வழியாகப் பார்த்தால் உலகம் அந்தக் கால உலகமாகிவிடும்.

கழுத்தில் விழுந்தது ரசாயனக் கறையாக இருக்கும் என்றுதான் ஒப்பனைக்காரி வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஐந்து கறை, அளவாக, வரிசையாக விழுமா என்று கேட்கிற மனத்தைப் பேருந்துச் சன்னல் வழியாக வெளியே பார்த்து அடக்கினாள்.

மறுநாள் காலை ஒளிப்பதிவாளரிடம் வில்லையைக் கேட்டு வாங்கினாள். கதாநாயகி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவள், இவளுக்கும் முதல் படம். பஞ்சால் கழுத்தைத் துடைத்துவிட்டு ஒப்பனைக்காரி சன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். ஒன்றும் இல்லை. எங்கோ லேசாக ஒரு மஞ்சள், அதுவும் தேடினால் மட்டும். வில்லையைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள்.

ஐந்தும் இருந்தன.

வில்லையை விலக்கிப் பார்த்தாள், மறுபடி வைத்துப் பார்த்தாள். அதைக் கீழே வைத்தபோது கதாநாயகி கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நன்றிக்கா," என்றாள்.

"எதுக்கு?"

"நேத்து நீங்கதான் போட்டதாச் சொன்னீங்களே."

ஒப்பனைக்காரி வாய் திறந்து எதையும் சொல்லியிருக்கவில்லை, தலைதான் ஆட்டினாள். அந்த வித்தியாசத்தைச் சொல்ல இப்போது வாய் வரவில்லை.

"போன வாரத்துக்கு முன்னாடி நடந்தது. மறைஞ்சு போச்சுன்னுதான் நெனச்சேன்," என்றாள் அந்தப் பெண். வானிலை பற்றிப் பேசுவது போல இருந்தது குரல். "கார்ல போறப்ப அவரு சொல்றாரு, எவ்வளவு தத்ரூபமா போட்டிருக்காங்க பாருன்னு. நானும் ஆமான்னேன். வேடிக்கை என்னன்னா, அவரு நடிக்கலக்கா. நெஜமாவே நம்புறாரு."

"உங்க வீட்ல யாருக்காவது தெரியுமா?"

"எங்கம்மாகிட்ட சொன்னேன். தங்கமான மனுசன்டி, நீ வாயை அடக்குன்னாங்க." பச்சைச் சாயக் கிண்ணத்தை எடுத்து ஒப்பனைக்காரியின் பக்கம் நகர்த்தினாள். "இன்னும் பதினோரு நாள்தான். படம் முடியட்டும். இது ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு. இதைக் கெடுத்துடாதீங்க."

*

ஒவ்வொரு நாளும் என்ன நிறம், எங்கே, எத்தனை பூச்சு என்று குறித்து வைப்பது ஒப்பனைக்காரியின் வேலைமுறை. முகமும் கழுத்தும் கோட்டுருவமாக அச்சடித்த தாள்கள் வைத்திருப்பாள். இன்று எடுத்த காட்சியும் அடுத்த வாரம் எடுக்கிற காட்சியும் திரையில் ஒட்டிக்கொண்டு வர வேண்டுமே. அந்தப் பழக்கம்தான் அவளை மேலும் உள்ளே இழுத்தது. இயக்குநர் ஃபிலிமிலிருந்து பெரிதாக்கிய படம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, "இனிமே எல்லாக் காட்சியிலயும் இது இருக்கணும்மா. மயிரிழை மாறக் கூடாது," என்றார். முதல் நாள் தாளைக் கேட்டார். அதில் கழுத்து வெறுமையாக இருந்தது. "வீட்ல இருக்கு சார்," என்று சொல்லிவிட்டு, அன்று மதியம் சாப்பாட்டு வேளையில் பழைய தேதி போட்டுப் புதிய தாளில் ஐந்து நீள்வட்டங்களை வரைந்தாள். 'சிவப்பு, இரண்டு பூச்சு, ஓரம் கலைத்தது' என்று எழுதினாள். கையெழுத்தும் போட்டாள்.

அதன் பிறகு தினமும் காலையில் அந்தப் பெண்ணின் கழுத்தில் சிவப்புச் சாயத்தால் அந்த ஐந்தையும் வரைந்தாள். படத்தை நூலால் அளந்து, கழுத்தை நூலால் அளந்து, புள்ளி வைத்து. பத்து நாள் அந்த வேலையைச் செய்ததில் அந்தக் கையை அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது. சின்னக் கை. விரல்கள் மெலிசு, நெருக்கமானவை. சுண்டுவிரலுக்கு மட்டும் அழுத்தம் குறைவு. இவ்வளவு துல்லியமாகத் தன் கணவனின் கையைக்கூட அவளால் வரைய முடியாது.

கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். காலையில் சக்கரத்துக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பொண்ணே சும்மா இருக்குல்ல? நீ எதுக்கு வம்பை விலைக்கு வாங்குற?"

"நான்தானே போட்டேன்னு சொன்னேன். அதான் உறுத்துது."

"சொன்னா சொன்னதுதான். இப்ப போய் நான் போடலைன்னா உன் மானம் போகும், அந்தாளு மான நஷ்டத்துக்குக் கேஸ் போடுவான், படம் நின்னு போகும். இருபது பேர் வயித்துல அடிச்ச மாதிரி ஆகும். நல்லா யோசி." டயரை உதைத்துப் பார்த்தான். "இல்லாட்டி யோசிக்காம இரு. அது இன்னும் நல்லது."

அவள் யோசிக்காமல் இருந்து பார்த்தாள். ஒன்பதாம் நாள் வரை முடிந்தது. அன்று காலை அந்தப் பெண் குரல் கம்மி வந்தாள். சளி என்றாள். காதுக்குப் பின்னால் தலைமுடியை ஒதுக்கியபோது, அங்கே வில்லை தேவைப்படவில்லை. கருநீலமாக, கட்டை விரல் அகலத்துக்கு இருந்தது. கண்ணின் வெள்ளைப் பகுதியில் குண்டூசி முனை அளவுக்கு ரத்தப் புள்ளிகள்.

ஒப்பனைக்காரி தூரிகையை வைத்துவிட்டுப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தாள். "என்னம்மா இது?"

"நேத்து கொஞ்ச நேரம் எதுவுமே தெரியலக்கா," என்றாள் அவள். "முழிச்சுப் பார்த்தா மூஞ்சில தண்ணி தெளிச்சுக்கிட்டு இருக்காரு. அழுறாரு. உனக்கு என்ன ஆச்சு, உனக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறாரு."

கடிகாரக்காரன் தினமும் கேட்கிற கேள்வி. இருவருக்கும் அது ஒரே நேரத்தில் உறைத்தது.

"இன்னைக்கே எங்க வீட்டுக்கு வந்துடு. நான் பார்த்துக்கிறேன்."

"இன்னும் ரெண்டு நாள்க்கா."

"ரெண்டு நாள்ல என்ன வேணா ஆகலாம்டி."

'டி' என்று வந்துவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை. அந்தப் பெண் ஒப்பனைக்காரியின் கையைப் பிடித்துத் தன் கழுத்தின் மேல் வைத்தாள். தோல் சுட்டது. "போடுங்கக்கா, நேரமாச்சு. வெயில் போயிடும்."

அவள் போட்டாள். காதுக்குப் பின்னால் இருந்ததை நீலம் பூசி மறைத்தாள். அந்த ஃபிலிமுக்கு நீலம் பூசினால் வெள்ளை. அங்கே எதுவுமே இல்லை என்று ஆகிவிடும்.

*

கடைசி நாள் முடிவுக் காட்சி. கடிகாரக்காரன் மனைவியின் துணியை விலக்கி, அந்தத் தடங்களைப் பார்த்து, யாருடைய கை இது என்று தெரிந்துகொள்வதற்காகத் தன் கையை மெதுவாக அவற்றின் மேல் வைக்கிறான். பொருந்துகிறது. சொல்லப்படாத அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாக இயக்குநர் கண்டுபிடித்த படம் இதுதான். அதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் குரல் உடைந்தது.

கதாநாயகனுக்குக் குழுவில் 'மலை' என்று பெயர். ஆள் அப்படி. அவன் கையை அவள் கழுத்தில் வைத்ததும் ஐந்து தடங்களும் காணாமல் போயின.

"என்னய்யா, முறம் மாதிரி கையை வச்சிருக்க," என்றார் இயக்குநர்.

"பொறக்கும்போதே இப்படித்தான் சார் குடுத்தாங்க."

தடங்களைப் பெரிதாகப் போடலாமே என்று யாரோ சொன்னார்கள். பத்து நாள் எடுத்தது ஒட்டாது, முடியாது என்றார் இயக்குநர். கை மட்டும்தானே தெரியப் போகிறது, வேறு ஒருவர் கையை வைத்து எடுக்கலாம் என்று முடிவானது. உதவி இயக்குநர் வைத்துப் பார்த்தார், இடைவெளி சேரவில்லை. ஒளிப்பதிவாளரின் கட்டைவிரல் எட்டாமல் நின்றது. விளக்குக்காரர் தன் கையைத் தானே பார்த்து, "இது கரண்டுக் கம்பி பிடிச்ச கை, பேய்கூட ஓடிப்போயிடும்," என்று விலகிக்கொண்டார். சிரித்தார்கள். இரண்டரை மணி. கூரைக் கண்ணாடியில் வெயில் மேற்குப் பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது. இன்னும் அரை மணி நேரம்தான்.

கட்டிலில் அந்தப் பெண் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். ஒவ்வொருவர் கையும் வந்து போகும்போது இமை அசையவில்லை. நல்ல நடிகை என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஒப்பனைக்காரி மட்டும் அவள் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அவை மடங்கி இறுகியிருந்தன.

அப்போதுதான் மருத்துவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் பிஸ்கட் பெட்டி.

"அட, நம்ம டாக்டர் இருக்காரே!" என்றார் விளக்குக்காரர். "சார், அவரு கையைப் பாருங்க. என் வாய்க்குள்ள போய்ப் பாதி ஊரைச் சுத்திட்டு வந்த கை. அவ்வளவு சின்னது."

"ஐயோ, எனக்கு நடிப்பெல்லாம் வராதுங்க," என்று மருத்துவர் சிரித்தார். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நடிக்க வேண்டாம் டாக்டர், கையை மட்டும் வைங்க. உங்க சம்சாரம்தானே," என்றார் இயக்குநர். கெஞ்சுகிற தொனி வந்துவிட்டது. வெயில் அவருக்காக நிற்காது.

"வேற யாரையாவது..."

"வாங்க," என்றாள் கட்டிலில் இருந்தவள்.

மூன்று நாட்களாகக் கம்மியிருந்த குரல்தான். ஆனால் கண்ணாடிக் கூரைக்குக் கீழே அது எல்லா மூலைக்கும் கேட்டது.

"வாங்க. ஏன் கூச்சப்படுறீங்க? எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்கல்ல."

மருத்துவர் ஒரு முறை சுற்றிலும் பார்த்தார். எல்லா முகத்திலும் சிரிப்பு. பெட்டியை மலையிடம் கொடுத்துவிட்டு, சட்டைக்கு மேல் கடிகாரக்காரனின் கறுப்பு அங்கியின் கையை மாட்டிக்கொண்டு கட்டில் ஓரமாக வந்தார். ஒளிப்பதிவாளர் கேமராவின் பிடியைப் பற்றி, வழக்கம் போல உதட்டுக்குள் எண்ணத் தொடங்கினார். சுழற்றுகிற வேகம் மாறாமல் இருக்க அவர் எண்ணிக்கொண்டே இருப்பார்.

கை இறங்கியது. தேடவில்லை, தயங்கவும் இல்லை. நான்கு விரலும் நான்கு தடத்தில் உட்கார்ந்தன. கட்டைவிரல் ஐந்தாவதில். சுண்டுவிரல் மட்டும் லேசாகத் தூக்கினாற்போல இருந்தது.

"அடேயப்பா!" என்றார் இயக்குநர். "அச்சு வார்த்த மாதிரி இருக்கே! டாக்டர், அப்படியே இருங்க, அப்படியே... ஏம்மா மேக்கப்பு, இவரு கையைப் பார்த்துதான் போட்டீங்களா?"

கேலியாகத்தான் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் மறுபடி கேமரா பக்கம் திரும்பியும்விட்டார். ஒப்பனைக்காரி மூலையில் துடைக்கிற துணியோடு நின்றிருந்தாள். இதற்கும் தலையாட்டிவிட்டுப் போகலாம். வெயில் போய்விடும், படம் முடிந்துவிடும், எழுத்து ஓடும்போது தன் பெயர் வரும்.

"நான் போடலை சார்," என்றாள்.

"என்னம்மா?"

"முதல் நாள் நான் எதுவுமே போடலை. கழுத்துக்குத் துணி வருதுன்னு வெறுமனே விட்டுட்டேன். நீங்க பாராட்டினதும் தலையாட்டிட்டேன். தாள் பொய். அப்புறமா எழுதினது." நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். "அந்த ஃபிலிமுக்கு, காயம் ஆறுற மஞ்சள்கூடக் கறுப்பாத் தெரியும். அதனாலதான் அன்னைக்கு விழுந்துச்சு. அது அவ கழுத்துலயே இருந்தது சார்."

ஒளிப்பதிவாளர் எண்ணுவதை நிறுத்தவில்லை. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. நிறுத்தச் சொல்ல வேண்டிய இயக்குநருக்கு வாய் திறந்தே இருந்தது. விளக்குக்காரரின் கை தானாகத் தன் தாடைக்குப் போயிற்று. மலை பிஸ்கட் பெட்டியை, அது சுடுவது போல, தரையில் வைத்தான்.

மருத்துவர் கையை எடுத்தார். "என்ன சொல்றாங்க இவங்க?" என்று சிரித்தபடி மனைவியைக் கேட்டார். அவள் கண்ணை மூடவில்லை. கேமராவையும் பார்க்கவில்லை. போர்வைக்கு வெளியே கால் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

அவர் ஐந்து விரல் நுனியிலும் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. அதை எங்காவது துடைக்க வேண்டுமென்று கையை முன்னால் நீட்டியபடி திரும்பினார். மேசைப் பக்கம் போனார், ஆட்கள் விலகினார்கள். திரைச்சீலைப் பக்கம் போனார், அங்கேயும் விலகினார்கள். கடைசியில் ஒப்பனைக்காரிக்கு எதிரே வந்து, பழக்கமான புன்னகையோடு கையை ஏந்தினார். அவள் துணியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.